ஓட்டவா, பூட்டிவைக்கவா?



2018ஆம் ஆண்டு ஜூலை 25 அன்று 250 மோட்டார் சைக்கிள்கள் 178 நொடியில் விற்றுப்போயின. ராயல் என்ஃபீல்டின் ‘கிளாசிக் 500 பெகாசஸ்’ அது. உலகம் முழுவதற்கும் சேர்த்து 1,000 வண்டி. அதில் இந்தியாவுக்கு 250. ஜூலை 10 அன்றே விற்றிருக்க வேண்டியது; மொய்த்த கூட்டத்தில் இணையதளம் படுத்துக்கொண்டதால் இரண்டு வாரம் தள்ளிப்போனது. விலை ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய். பெட்ரோல் டாங்கில் ஒவ்வொரு வண்டிக்கும் தனி எண், இறக்கை முளைத்த குதிரைச் சின்னம், பின்னால் தொங்கும் கித்தான் பைகள், பித்தளைக் கொக்கி போட்ட தோல் வார். என்ஜின் என்னவோ சாதாரண கிளாசிக் 500ல் இருந்த அதே 499 சிசி என்ஜின்தான்.

எதன் நினைவாக இந்த வண்டி செய்யப்பட்டது என்பதில்தான் வேடிக்கை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வான்வழிப் படைக்காக ராயல் என்ஃபீல்டு 126 சிசியில் ஒரு குட்டி மோட்டார் சைக்கிள் செய்தது. எடை 60 கிலோவுக்குள். பட்டப்பெயர் ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’. இரும்புக் கூண்டில் கட்டி, பாராசூட் மாட்டி, விமானத்திலிருந்து கீழே தள்ளிவிடுவார்கள். விழுந்த இடத்தில் சிப்பாய் அதை அவிழ்த்து, உதைத்து, ஓட்டிக்கொண்டு போவான். முதல் வண்டியை வானத்திலிருந்து வீசினார்கள். அதன் நினைவுப் பிரதியைத் தெருவில் இறக்கலாமா, கீறல் விழுந்துவிடுமா என்று வாங்கியவர் யோசிக்கிறார்.

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி அந்நியமில்லை. ராயல் என்ஃபீல்டு 2013 முதல் ஒரகடத்திலும், 2017 முதல் வல்லம் வடகாலிலும் வண்டி கட்டுகிறது. வல்லத்தில் யமஹா, ஒரகடத்தில் டைம்லர் லாரிகள், ரெனோ-நிஸான் கார்கள், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரம் பக்கம் ஐபோன். உலகம் காசு கொட்டி வாங்கும் பொருள்கள் இந்தச் சாலைகளில் கன்டெய்னரில் போகின்றன. அப்படி வாங்கிய பொருளை உழைக்க விடுவதா, கண்ணாடிப் பெட்டியில் வைப்பதா? கார் வாங்கி மூன்று வருடமாகியும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காத வீடுகள் நிறைந்த ஊரில் இதைப் பேசுவது கொஞ்சம் ஆபத்தான காரியம்தான். ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும்.

இந்த விவாதத்தின் மிகப் பழைய தமிழ்ச் சாட்சியம் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சத்தில், காஞ்சிபுரத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு சந்திப்பு. புறநானூற்றின் 95ஆம் பாட்டு. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சிக்காகத் தூது போன ஔவையாரைத் தொண்டைமான் தன் ஆயுதச் சாலைக்குள் அழைத்துப் போய்க் காட்டினான். போருக்குத் தான் தயார் என்று உணர்த்துவது அவன் நோக்கம். ஔவை பார்த்தார். உன் ஆயுதங்கள் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, எப்போதும் கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்று சொன்னார். பாராட்டுபோல் ஒலித்தது, அடி எங்கே விழுந்தது என்று தொண்டைமானுக்குத் தெரிந்திருக்கும்.

பள்ளியில் இந்தப் பாட்டை வீரத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அதில் கவனிக்கப்படாமல் போகிறவன் கொல்லன். அதியமானின் வேல் போர்க்களத்தில் மட்டும் இல்லை, பாதி நாள் பட்டறையில் இருக்கிறது. செப்பனிட ஆள் இருப்பதால்தான் அவன் துணிந்து வேலை முறித்துக்கொள்கிறான். பயன்படுத்தலாமா என்ற கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் உண்டா? இந்தப் பேச்சு முழுக்க அந்தக் கொல்லனைத் தேடித்தான் போகப்போகிறது.

கத்தியிலிருந்தே தொடங்கலாம். சமையல்காரரும் எழுத்தாளருமான ஆன்டனி போர்டெய்ன் 2018ல் இறந்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. அமெரிக்கக் கத்திக் கலைஞர் பாப் கிரேமர் அவருக்காகவே செய்துகொடுத்த ஒரு சமையல் கத்தி, விண்கல் இரும்பு சேர்த்து அடித்தது, 2,31,250 டாலருக்குப் போனது. ஏலக்காரர்கள் எதிர்பார்த்தது சில ஆயிரம் டாலர். அந்தக் கத்தியில் இனி யாராவது வெங்காயம் நறுக்குவார்களா என்றால், மாட்டார்கள். அந்தப் பணம் கத்திக்குக் கொடுத்ததில்லை, போர்டெய்னின் கைக்குக் கொடுத்தது. அதை ஏற்றுக்கொள்ளலாம். சிக்கல், யாருடைய கையும் படாத கத்தியை வாங்கி அதே மாதிரி பூட்டிவைக்கும்போது வருகிறது.

கரிமம் மிகுந்த எஃகுக் கத்தி ஒரு விசித்திரமான பிராணி. ஈரத்தோடு விட்டால் அரை மணியில் துரு. மாங்காய், எலுமிச்சை, வெங்காயம் வெட்ட வெட்ட முகம் சாம்பல் நீலமாகக் கறுக்கும். அந்தக் கறுப்பு, துரு சுலபமாக ஏறாமல் ஓரளவு தடுக்கிறது. வெட்டி, உடனே துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் பல பத்தாண்டுகள் உழைக்கும். பாட்டி வீட்டு இரும்பு அரிவாள்மனை இப்படித்தான் மூன்று தலைமுறை கண்டது. வெல்வெட் பெட்டியில் வைத்து மறந்துபோன கத்தியோ அந்தப் பெட்டியின் ஈரத்திலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். விலை உயர்ந்த கத்தியை நாசமாக்க அதைப் பத்திரப்படுத்துவதே போதும்.

திருப்பாச்சேத்தி அரிவாளைப் பாருங்கள். சிவகங்கை மாவட்டத்தின் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே அரிவாள்தான் நினைவுக்கு வரும். சினிமா அதை ரௌடியின் கையில் கொடுத்துக் கெடுத்துவைத்திருக்கிறது. நம்மூர்ப் பட்டறைகளில் அரிவாளுக்குப் பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைத்தான் காய்ச்சி, அடித்து, தோய்க்கிறார்கள். லட்சக்கணக்கான கிலோமீட்டர் பாரம் தாங்கிய எஃகு. ஒரகடத்தில் இன்று மாட்டும் பட்டை இருபது வருடம் கழித்து ஏதோ ஒரு ஊரில் தேங்காய் வெட்டும். ஓர் உழைப்பு முடிந்து மறு உழைப்புக்குப் போகிற பொருள் அது. வரவேற்பறைச் சுவருக்கு அதை அனுப்ப அந்தக் கொல்லனுக்கு மனம் வருமா?

சட்டமும் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்கிறது. இந்திய ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுத வகையில் சேர்கிறது. வீட்டுக்கும், வேளாண்மைக்கும், அறிவியலுக்கும், தொழிலுக்குமாக வடிவமைத்த கத்திகளுக்கு மட்டும் விலக்கு. அதாவது கசாப்புக்கடைக் கத்தி எவ்வளவு நீளமானாலும் கருவி. அலங்காரத்துக்கென்று வாங்கிய குத்துவாள் ஆயுதம். எதற்காகச் செய்தாய் என்பதுதான் அங்கே அளவுகோல்.

மோட்டார் சைக்கிளுக்கு வருவோம். ‘ஓட்டாத வண்டி’ என்று விளம்பரப்படுத்தி விற்பவர்கள் உண்டு. அப்படி ஒரு வண்டி உலகத்தில் கிடையாது. ஆலையின் கடைசிக் கட்டத்தில் ஒவ்வொரு வண்டியையும் உருளைகள் மேல் ஏற்றி, கியர் போட்டு, பிரேக் பிடித்துப் பார்த்துத்தான் வெளியே அனுப்புகிறார்கள். அந்த வேலையைச் செய்கிறவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கலாம். முதல் ஓட்டம் அவர்களுடையது. வாங்கியவர் பூட்டிவைப்பது ஏற்கெனவே ஓடிய இயந்திரத்தைத்தான்.

அப்படி நிறுத்திவைத்த இயந்திரம் சும்மா இருப்பதில்லை. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதம் வரை வந்துவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் நீரோடு சேர்ந்து டாங்கின் அடியில் தங்கும். டாங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். எரிபொருள் வழிகளில் பிசின் படியும். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் மெல்ல வடிந்துபோக, அந்த உலோகம் காற்றுக்குத் திறந்து கிடக்கும். பேட்டரி இறங்கும். ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிக்கும். டயர் ஒரே இடத்தில் பாரம் தாங்கித் தட்டையாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஒரகடம் அப்போலோ ஆலையில் வேலை செய்கிறவர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: ஓடினாலும் ஓடாவிட்டாலும் டயருக்கு வயதாகிறது. இதற்கிடையே ஆர்.சி. புத்தகத்தின் 15 வருடமும் வீட்டுக் கூடத்தில் நின்றபடியே கரைகிறது. கிலோமீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்கலாம். நாள்காட்டி நிற்காது.

பெகாசஸ் வாங்கியவர்களுக்கு வேறொரு பாடமும் கிடைத்தது. அந்த 250 வண்டிகளில் ஏபிஎஸ் பிரேக் கிடையாது. அடுத்த மாதமே, 2018 ஆகஸ்டில், அதே நிறுவனம் ‘கிளாசிக் சிக்னல்ஸ் 350’ வண்டியை ஏபிஎஸ்ஸோடு, ராணுவச் சாயல் வண்ணங்களோடு, டாங்கில் எண்ணும் போட்டு, மிகக் குறைந்த விலையில் இறக்கியது. பெகாசஸ்காரர்கள் கொதித்தார்கள். அந்த வண்டியிலேயே குப்பை ஏற்றிக்கொண்டு போய் எதிர்ப்புக் காட்டியதும் செய்தியானது. கோபத்தில் செய்ததுதான், ஆனால் கித்தான் பை மாட்டிய வண்டி ஒருவழியாக மூட்டை சுமந்தது. எண்ணிக்கையைக் குறைத்து உண்டாக்கும் அருமை விற்கிறவர் கையில் இருக்கிறது, வாங்குகிறவர் கையில் இல்லை. இன்று 250 என்பார். நாளை அதன் தம்பியை ஆயிரக்கணக்கில் வார்ப்பார்.

பிரிக்காமல் வைத்ததால் கொழித்தவரே இல்லையா? உண்டு. 2007ல் வந்த முதல் ஐபோனில் 4 ஜிபி வகையின் விலை 499 டாலர். உறை பிரிக்காத ஒன்று 2023 ஜூலையில் அமெரிக்காவில் 1,90,372 டாலருக்கு ஏலம் போனது. ஏறத்தாழ 380 மடங்கு! அந்த வகையை ஆப்பிள் இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டது, அதனால் இருப்பதே சொற்பம். சரி, பெட்டிக்குள் இருப்பது என்ன? பதினாறு வருடம் சார்ஜ் ஏறாத லித்தியம் பேட்டரி. அநேகமாகச் செத்திருக்கும், உப்பியும் இருக்கலாம். பிரித்துப் பார்த்தால் தெரியும். பிரித்தால் விலை போய்விடும். ஆக, உள்ளே இருப்பது வேலை செய்யுமா என்று யாருமே பார்க்க முடியாது என்பதுதான் அந்தப் பெட்டியின் மதிப்பு. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையில் அசெம்பிள் ஆகி வெளியேறும் ஐபோன்களில் ஒன்றை வாங்கிப் பீரோவில் வைத்து 2040ல் பணக்காரராகலாம் என்று யாராவது கணக்குப் போட்டால், கோடிக்கணக்கில் விற்கும் பொருளுக்கு அந்தக் கணக்கு பலிக்காது என்று சொல்லிவிடுங்கள்.

பீரோ என்றதும் இந்த மாவட்டத்தின் உண்மையான ஆடம்பரப் பொருளைப் பேசாமல் இருக்க முடியாது. காஞ்சிப் பட்டு.

தமிழ்ப் பெண்கள் இந்தக் கேள்வியை எந்தக் கத்திச் சேகரிப்பாளரையும்விட நீண்ட காலமாகச் சந்தித்துவருகிறார்கள். கல்யாணப் புடவையை மறுபடி எப்போது கட்டுவது? மகள் கல்யாணத்துக்கா, பேத்தி காதுகுத்துக்கா? பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியது நல்ல ஜரிகை. வெள்ளி, காற்றிலுள்ள கந்தகத்தில் கறுக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் அடைபட்டால் இன்னும் வேகமாகக் கறுக்கும். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்த மடிப்புக் கோட்டிலேயே பட்டு இற்று, விரிக்கும்போது கிழியும். விவரம் தெரிந்தவர்கள் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வசம்பு போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி நிழலில் காற்றாட விடுவார்கள். அவ்வளவு சிரமத்துக்கு ஒரு நாள் கட்டிக்கொண்டே போகலாம். மடிப்பும் மாறும், காற்றும் படும், நாலு பேர் கேட்கவும் செய்வார்கள்.

கட்டாத புடவையின் கடைசிப் பயணம் தெருவில் குரல் கொடுத்து வரும் பழைய பட்டுப் புடவை வியாபாரியோடு முடிகிறது. அவர் முந்தானையின் வேலைப்பாட்டைப் பார்ப்பதில்லை. ஜரிகையைத்தான் பார்க்கிறார், புடவையை எரித்து வெள்ளியை எடுப்பார்கள். கோர்வை போட்டுக் கரையையும் உடலையும் இணைத்த நெசவாளியின் உழைப்புக்கு அந்த எடைத் தட்டில் இடமில்லை.

2008ல் சென்னை சில்க்ஸ் விற்ற ‘விவாகப் பட்டு’ 39 லட்சம் ரூபாயைத் தாண்டி, உலகின் மிக விலை உயர்ந்த புடவையென்று கின்னஸில் ஏறியது. ரவிவர்மாவின் ஓவியத்தை நெசவில் கொண்டுவந்த, கற்கள் பதித்த புடவை. எடை 8 கிலோ. அதைக் கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார முடியாது. அது புடவை அகலத்தில் நெய்த ஓவியம். அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம்.

பேனாவிலும் இதே கதை உண்டு. மான்ட்பிளாங்க் நிறுவனம் 2009ல் காந்தி பெயரில் ஒரு பேனா வெளியிட்டது. தண்டி யாத்திரையின் 241 மைலுக்காக 241 பேனா. தங்க முள், நூல் சுற்றியதுபோல் பொன் கம்பி. ஒன்று சுமார் 11 லட்சத்து 39 ஆயிரம் ரூபாய். கேரள உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. இந்தியாவில் விற்பனையை நிறுத்தினார்கள். காந்தியிடம் நிஜமாகவே ஒரு சுதேசிப் பேனா இருந்தது. ராஜமுந்திரியில் ரத்தினம் என்பவர் செய்தது. அதில் எழுதிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று 1935 ஜூலையில் அவர் ரத்தினத்துக்குக் கடிதமும் போட்டார். அவர் கையில் அந்தப் பேனா எழுதியது. அவ்வளவுதான் சேதி.

அதே மரபு பக்கத்தில், திருவள்ளூரில், உயிரோடு இருக்கிறது. எம்.எஸ். பாண்டுரங்கன் தொடங்கிய ரங்கா பேனா. எபனைட் தடியைக் கடைசலில் கையால் கடைந்து செய்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் கேட்ட அளவில், கேட்ட வடிவில் செய்வித்து வாங்குகிறார்கள். அந்தப் பேனாவில் முள் தேய்ந்தால் வேறு முள் மாட்டலாம். மை நிரப்பி எழுதாமல் மேசையில் விட்டால்தான் மை காய்ந்து அடைக்கும்.

கடைசியாக, இந்த ஊரின் மிக விலைமதிப்பற்ற பொருள். ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள ராமானுஜரின் ‘தானுகந்த திருமேனி’. அவர் வாழ்ந்த காலத்திலேயே வார்த்து, அவரே உகந்து தழுவிக்கொண்டது என்பது மரபு. உலகின் எந்த அருங்காட்சியகமும் இப்படிப்பட்ட ஒன்றைக் குளிரூட்டிய அறையில், தொடாதே என்ற பலகையோடு வைக்கும். இங்கே? திருமஞ்சனம் உண்டு, சாத்துப்படி உண்டு, சித்திரைத் திருவாதிரை உற்சவத்தில் வாகனம் ஏறித் தெருவில் புறப்பாடு உண்டு. அபிஷேகத்திலும் துடைப்பிலும் முகம் மழுங்கிய செப்புத் திருமேனிகள் தமிழ்நாட்டுக் கோயில்களில் எத்தனையோ. அந்தத் தேய்வைப் பழுது என்று பக்தர் யாரும் சொன்னதில்லை. பின்னமானால் ஸ்தபதி வருவார். அதற்கு முறை வகுத்திருக்கிறார்கள்.

கோயிலும் வண்டியும் சந்தித்த இடம் ஒன்று உண்டு. ராயல் என்ஃபீல்டின் 120ஆம் ஆண்டு நினைவு வண்டிகள் 2021 டிசம்பர் 6 அன்று விற்பனைக்கு வந்தன. உலகுக்கு 480, இந்தியாவுக்கு 120. இரண்டு நிமிடத்துக்குள் காலி. அந்த வண்டிகளின் டாங்கில் உள்ள பித்தளைச் சின்னத்தைச் செய்தது சிற்பி செந்தில் குடும்பத்தார். கோயில்களுக்குப் பித்தளைத் திருமேனிகள் வார்க்கும் பரம்பரையினர். அவர்கள் வார்த்த தெய்வம் வீதியுலா போகிறது. அவர்கள் வார்த்த சின்னம் மாட்டிய வண்டி உறை போட்டு நிற்கிறது.

எதிர்வாதத்துக்கு மதிப்பில்லாமல் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்திலிருக்கும் தஞ்சை அரண்மனை வாள்களை எடுத்து யாரும் வாழை வெட்டக் கூடாது. மறுபடி செய்ய முடியாததை, செய்த கைகளே இல்லாமல் போனதை, காப்பாற்றத்தான் வேண்டும். தயாரிப்பு நின்றுபோன தாத்தாவின் கைக்கடிகாரத்துக்கு உதிரிபாகம் கிடைக்காதென்றால் அதை விசேஷ நாளில் மட்டும் கட்டுவது கஞ்சத்தனமாகாது. ஆனால் அரங்கில் உள்ள பெரும்பாலோர் வீட்டில் பூட்டியிருப்பது அந்த ரகமல்ல. பட்டறையும், நெசவாளியும், மெக்கானிக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போதே பயத்தினால் பூட்டியவை அவை. அவற்றை வெளியே எடுங்கள். புடவையைக் கட்டுங்கள், கத்தியைச் சாணை பிடித்து அடுப்படிக்குக் கொண்டுவாருங்கள், வண்டியில் பழைய பெட்ரோலை வடித்து, டயரை மாற்றி, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் விடுங்கள். விழும் கீறலை வைத்துக்கொண்டு மறுவிற்பனையில் யாராவது ஐயாயிரம் குறைத்தால் குறைக்கட்டும்.

ஆலைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை உண்டு. கிளாசிக் 500 என்ஜினுக்கு, பிஎஸ்-6 மாசு விதி வந்ததோடு 2020ல் விடை கொடுத்துவிட்டார்கள். ஒரு பொருளை நிறுத்தும் நாளிலிருந்து அதன் கொல்லர்களும் குறையத் தொடங்குகிறார்கள். மக்கள் அதைப் பூட்டத் தொடங்குவதும் அப்போதுதான். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளம் திறந்தது. வாகனம், கைபேசி, வீட்டுச் சாதனம், பண்ணைக் கருவி ஆகியவற்றின் சர்வீஸ், உதிரிபாகத் தகவலை நிறுவனங்கள் அங்கே தர வேண்டும் என்பது திட்டம். சேர்வது இன்னும் அவரவர் விருப்பமாகத்தான் இருக்கிறது. டாங்கின் மேல் இத்தனையாவது வண்டி என்று எண் போடத் தெரிந்த நிறுவனங்கள், உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்ற எண்ணையும் பில்லில் அச்சடிக்க வேண்டும். அடுத்த முறை லிமிடெட் எடிஷன் எதையாவது வாங்கப் போகும்போது, பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு எண்ணை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.